நைனா சுற்றிய பிக்கப்

1. கல்யாணத்தில் தெலுங்குச் செய்தி

என்னுடைய முதல் ஆம்ப்ளிஃபயர் ஒரு கல்யாண வரவேற்பில் செய்தி வாசித்தது. எழுபதுகளின் நடுவில், பள்ளிப்பட்டில் நடந்தது. கிட்டாருக்கென்று ஆம்ப் வாங்க எனக்கு வக்கில்லை. பழைய வால்வ் ரேடியோ ஒன்றைப் பிடித்து, கிராமபோனுக்காக அதன் முதுகில் இருந்த சாக்கெட்டில் கிட்டார் வயரைச் செருகியிருந்தேன். ரேடியோவா கிராமபோனா என்று மாற்றுகிற சுவிட்ச் தளர்ந்து போயிருந்தது. காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். இந்த ஏற்பாட்டுக்கு ‘மாடிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமையடித்தது தனிக் கதை.

பாட்டின் நடுவில் நான் எல்லாத் தந்தியையும் சேர்த்து ஓங்கி ஒரு கார்டு அடித்தேன். அதிர்ச்சியில் காகிதம் நழுவியது. உடனே ஓர் அம்மாள் கணீரென்று தெலுங்கில் செய்தி வாசிக்கத் தொடங்கினார். பெண் வீட்டாரில் பாதிப்பேர் சித்தூர்ப் பக்கம். அதுவரை பாட்டைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டிருந்தவர்கள், அதைத்தான் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

எங்கள் குழுவை நடத்திய தாமோதரன் மாஸ்டர் ஆர்மோனியத்தை விட்டு எழுந்தே விட்டார்.

“இன்னாடா இது? செய்திய நிறுத்தினா கொர்ருன்னு இரையுது, இரைச்சல நிறுத்தினா செய்தி வருது. உன் கிட்டாரு எப்பதான்டா வரும்?”

விஷயம் எங்கள் ஊர் அம்மையார்குப்பத்துக்கு என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. அங்கே என் நைனா, அதாவது அப்பா, கைத்தறி நெசவாளி. நான் கம்பி தட்டிக்கொண்டு திரிவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அன்று தறியை விட்டு இறங்காமலே சொன்னார்.

“ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில வாசிக்கப் போறியாமே. நானும் வந்து கேக்கறேன். நல்லா இருந்துச்சின்னா உன் இஷ்டம். இல்லேன்னா மறுநாளே வந்து தறியில குந்திக்கணும். சரியா?”

“சரி நைனா” என்றேன். வேறென்ன சொல்வது?

2. தள்ளு அந்தாண்ட

சுவிட்சை எடுத்துவிட்டு நேராக வயர் வைத்துப் பற்றவைத்தேன். செய்தி நின்றது. கொர் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. குற்றவாளி என் கிட்டாரின் பிக்கப்தான் என்று முடிவுகட்டினேன். பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி எனாமல் பூசிய தாமிரக் கம்பி, தலைமுடியைவிட மெல்லியது, ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். நானே புதிதாக ஒன்று சுற்றிவிடுவது என்று மெட்ராஸ் போய்க் கம்பி வாங்கிவந்தேன்.

சுற்றுவதற்கு மெஷின்? நெசவு வீட்டில் அதற்கா பஞ்சம்? தறிக்குத் தார், அதாவது ஊடை நூல் கண்டு, சுற்றுகிற ராட்டையில் நூலுக்குப் பதில் கம்பியை மாட்டினேன். ஒரு பக்கம் புடைத்தது, ஒரு பக்கம் பள்ளமானது. நைனா கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

“தள்ளு அந்தாண்ட. சுத்தத் தெரியாத கையி இன்னாத்த வாசிக்கப் போவுது? நீ போய்த் துண்ணுட்டு வா.”

நான் சாப்பிட்டு வருவதற்குள் சுற்றி முடித்திருந்தார். கடைச் சரக்குகூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. கிட்டாரில் மாட்டினேன். சத்தம் வந்தது, இரைச்சலும் குறைந்திருந்தது. தனக்குப் பிடிக்காத வேலைக்காக அந்த மனுஷர் ராட்டையில் உட்கார்ந்திருக்கிறார். நன்றி என்று அவரிடம் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

3. ஆடிக் கிருத்திகை

மலையடிவாரத்தில் மேடை. காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. நைனா வெள்ளை வேட்டி கட்டி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டில் முதல் கார்டு அடித்தேன். டங் என்று ஒரு சத்தம். அதோடு சரி. வயரை ஆட்டினேன், வால்யூமைத் திருகினேன், ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றும் இல்லை.

“வாசிடா!” என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

எழுந்து போனால் மறுநாள் தறி. அதனால் வாசித்தேன். சத்தமே வராத கிட்டாரைக் கச்சேரி முழுக்க வாசித்தேன். தப்பு சுரம் விழ வழியில்லை என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. கண்ணை மூடினேன், தலையை ஆட்டினேன், பங்கூஸ் மேளம் தட்டியவர் பக்கம் சாய்ந்து சிரித்தேன். முன் வரிசையில் நைனா தொடையில் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

இறங்கியதும் மாஸ்டர் தோளில் தட்டினார். “இன்னிக்குத்தான்டா பேலன்ஸ் கரெக்டு. இதே மாதிரி அடக்கி வாசி.”

நைனா அவரிடம், “ஆங், நான்தான் உள்ள கம்பி சுத்திக் குடுத்தேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நல்லா இருந்துச்சிடா. இனிமே உன் இஷ்டம்” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

4. முடிச்சு

மறுநாள் பிக்கப்பைப் பிரித்து, கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவினேன். பாதியில் ஒரு முடிச்சு. அறுந்த நூலை நெசவாளி இணைப்பாரே, துணியில் தடவினாலும் தட்டுப்படாமல், அதே முடிச்சு. வால்கூடச் சுத்தமாக நறுக்கியிருந்தது. சுற்றும்போது கம்பி அறுந்திருக்கிறது, நைனாவின் கை தன்பாட்டுக்கு முடிச்சைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறது. முடிச்சில் எங்கேயோ ஒரு புள்ளியில் எனாமல் உரிந்து தொட்டுக்கொண்டிருந்தவரை வீட்டில் சத்தம் வந்தது. மேடை அதிர்ந்ததும் அந்தத் தொடுப்பு விட்டுப்போனது.

கிட்டார் வாசிக்கும் தம்பிகளா, எனாமல் கம்பி அறுந்தால் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மேடை ஏறுமுன் மீட்டர் வைத்துக் கரண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். நெசவு வீட்டுப் பையன்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்.

முடிச்சை நைனாவிடம் காட்டினேன். “இதுக்கு மேல வார்னிஷ் இருக்குது நைனா. சுரண்டாம முடி போட்டா கரண்டு போவாது.”

அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அப்ப நேத்து நான் கேட்டது?”

“மாஸ்டரோட ஆர்மோனியம்.”

தறி பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு ராட்டையை இழுத்துப்போட்டு, “பிளேடு எடுத்துனு வா” என்றார்.

இந்த முறை அறுந்த இடத்தில் நான் சுரண்டி ஈயம் வைத்தேன், அவர் சுற்றினார். மாட்டி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டு வாசித்தேன். கிட்டார் பிசகில்லாமல் பேசியது. நைனா கடைசிவரை அசையாமல் கேட்டார்.

“நேத்துதான்டா நல்லா இருந்துச்சி” என்றார். “இன்னா பண்றது, வாக்கு குடுத்துட்டேன். போ.”