அக்கா கொடுத்தனுப்பிய கம்பளி

"தலைமன்னார், மே 1955" என்று என் பழைய கடவுச்சீட்டில் ஒரு முத்திரை இருக்கிறது. மாதமும் ஆண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. நாள் பதினேழா பதினெட்டா என்று சொல்ல முடியாதபடி மை கலங்கிவிட்டது. கடவுச்சீட்டைப் போட்டுவைத்திருக்கும் தகரப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புக் கம்பளி கிடக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்துகிற இடத்தில் ரோமம் தேய்ந்து நூல் தெரிகிறது. முத்திரையைப் பார்க்க வேண்டுமென்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கை கம்பளியில்தான் முதலில் படுகிறது.

கம்பளி என் அக்காவுடையது. அவளுக்கு 1948 தை மாதம் முசிறியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் அத்தை மகன். இலங்கையில், நானுஓயா ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வேலை பார்த்தவர். தாலி கட்டிய மாதத்திலேயே அக்காவை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் அதன்படி எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனார்கள். மறு ஆண்டு வந்த இன்னொரு சட்டம், இவர்கள் மனுப் போட்டுப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. மச்சானும் மனுப் போட்டார்.

மனுவுக்கு இருந்த நிபந்தனைகளில் ஒன்று அக்காவைப் பற்றியது. மனுப் போடுகிறவனின் மனைவியும் தீவிலேயே இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். இடைவிடாமல் என்றால் எவ்வளவு, ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் அது இடைவெளியா என்பதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் மனைவியைப் பிரசவத்துக்கு இந்தியாவுக்கு அனுப்பினார், அதனால் அவர் மனு தள்ளுபடியாயிற்று என்று ஒரு பேச்சு உலவியது. அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. மலையிலிருந்து மருமகள்கள் தாய்வீடு போவது நின்றுபோனது. அக்காவும் ஏழு ஆண்டுகளாகக் கடல் தாண்டவில்லை.

1955 சித்திரையில் அம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. ஆடியைத் தாண்டுவது கடினம் என்று திருச்சியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. "போயி அவள ஒரு எட்டு கூட்டியாடா. பாத்துட்டுக் கண்ண மூடுறேன்" என்றாள். அப்போது நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. மண்டபம் முகாமில் அம்மை ஊசிச் சோதனை, பிறகு தனுஷ்கோடியில் கப்பல், அந்தக் கரையில் தலைமன்னாரிலிருந்து இரவு ரயில், பொல்ககவெலயில் வண்டி மாற்றம். ஹட்டனைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக மூடிக்கொண்டது. முசிறியில் கத்திரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த அதே வாரத்தில், நான் நானுஓயா மேடையில் பல் கிட்டிக்க நின்றேன்.

மச்சான் குடையோடு வந்திருந்தார். "வாங்க மாப்ள. போன மாசம் வந்திருந்தா வெள்ளக்காரன் மாதிரி குதிரப் பந்தயம் பாத்திருக்கலாம். இப்ப அட்டைதான் பந்தயம் ஓடும், உங்க கால்ல" என்றார். சிரிக்கத் தெரிந்த மனிதர். லயத்துக்கு ஏறுகிற பாதையில்தான் குரலைத் தாழ்த்தினார். தோட்டத்துக்குள் வெளியாள் தங்கினால் தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிவிக்க வேண்டும். யாராவது கேட்டால் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஏன் என்று கேட்டேன். "மனு விசாரணைக்கு வரப்போற நேரம். இந்தியாவோட போக்குவரத்து இருக்குன்னு யாரு வாயிலயும் விழக்கூடாது" என்றார்.

மறுநாள் காலை கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தார். தோட்டத்தில் வேலையாட்களின் பேரைப் பதிந்து மேற்பார்க்கிற உத்தியோகஸ்தர் அவர். மழைக்கோட்டில் தண்ணீர் வடிய எங்கள் வாசலில் நின்றார்.

"யாரு இது? புது ஆளாத் தெரியுது. எந்தத் தோட்டம்?"

"மஸ்கெலியாவுல இருந்துங்க..." என்று மச்சான் தொடங்கினார்.

அடுப்படியிலிருந்து அக்கா ஊதுகுழலோடு வெளியே வந்தாள். "தோட்டமெல்லாம் இல்லீங்க. ஊர்ல இருந்து வந்திருக்கு. என் கூடப் பொறந்த தம்பி."

"ஓ, ஊர்ல இருந்தா" என்றார் கணக்கப்பிள்ளை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருந்துட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மேல் லயத்துக்குப் போனார். அவ்வளவுதான். முகத்தில் பகையும் இல்லை, பரிவும் இல்லை.

அவர் மறைந்ததும் மச்சான் பொங்கினார். "வாயி, வாயி! நாலு நாளு மஸ்கெலியாக்காரனா இருந்தா உன் தம்பி கொறஞ்சா போயிருவான்?"

"ஏழு வருசம் கழிச்சு வந்து நிக்கிறான். வாசல்ல வெச்சு அவன யாரோங்கச் சொல்றீங்களா? என் வாயில வராதுங்க" என்றாள் அக்கா. ஊதுகுழலோடு அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னை நுவரெலியாவுக்கு அழைத்துப் போனார்கள். ஊர் பார்க்க வந்தவனுக்கு ஊரைக் காட்டாமல் அனுப்பக் கூடாது என்பது மச்சானின் கொள்கை. சித்திரை மாதக் கூட்டம் கலைந்து, பெரிய விடுதிகளின் ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. பந்தயத் திடலில் தண்ணீர் தேங்கி, ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பூங்காவில் பூந்தொட்டிகளை அப்புறப்படுத்திய வட்டங்கள் மட்டும் புல்லில் வெளுத்துத் தெரிந்தன. கடைத்தெருவில் கம்பளிச் சட்டை விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் என் வேட்டியையும் நடுக்கத்தையும் பார்த்துவிட்டு, "சீசன் முடிஞ்சு வந்திருக்கீங்களே தம்பி. பூவும் போச்சு, குதிரையும் போச்சு. பனியத்தான் பாக்கணும், அதையும் பனி மறைச்சிருக்கு" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான். அம்மாவின் நிலையை அதுவரை நான் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அக்கா விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். இளையவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மூத்தவள் என் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் தடுக்கல மாப்ள. பெத்த தாயி. போறதுன்னா போகட்டும்" என்றார் மச்சான். "ஆனா விசாரணையில மொதக் கேள்வியே அதுதான். பொஞ்சாதி எங்க இருந்தா, எப்பப் போனா, எப்ப வந்தா."

மடியில் கிடந்தவனின் தலையை அக்கா தடவினாள். "இதுங்க ரெண்டும் இங்க பொறந்ததுங்க. முசிறி எந்தத் தெசையில இருக்குன்னுகூட தெரியாது. நான் அம்மா மொகத்தப் பாக்கப் போயி, இதுங்களுக்கு எந்த நாடும் இல்லாமப் பண்ணிறச் சொல்றியா தம்பி?"

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"கொழுந்து அள்ளிக்கிட்டுக் கெடக்கு, தொரை விடலன்னு சொல்லு. தொரைய வைய்யட்டும். என்ன வைய்ய வேணாம்."

நான் புறப்படுகிற அன்று விடியற்காலையில், இந்தக் கம்பளியை மடித்துப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள். "அம்மாவுக்குப் போத்திவிடு. நான் வந்த மாதிரி இருக்கும்." மழை தொடங்கிவிட்டதே, உனக்கு என்றேன். இன்னொன்று இருக்கிறது என்றாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, பெரட்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். காலையில் எல்லோரும் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்கிற இடத்தைத்தான் பெரட்டு என்பார்கள். வழியனுப்ப நிற்கவில்லை. நானும் மச்சானும் ஸ்டேஷனுக்கு இறங்கும்போது பாதைக்கு மேலே பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சாரலில் முகங்கள் தெரியவில்லை. வரிசையாகக் கறுப்புக் கம்பளிகள். நடுவே ஒரே ஒருத்தி மட்டும் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். மச்சானும் பார்த்தார்.

கம்பளியை அவிழ்த்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, ஆட்டுக் கெடை வாசம்?" பிறகு மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே இருந்தாள். அடுப்புப் புகையும் ஈரமும் பச்சிலையும் கலந்த வாசம் அதில் இருந்தது. "இம்புட்டுக் குளுரா அங்க? ஒரு தடவகூடச் சொல்லலியே அவ." துரை விடவில்லை என்ற கதையை அவள் நம்பினாளா என்று தெரியாது, துரையை வையவே இல்லை. அனல் வீசுகிற மத்தியானங்களிலும் கால்களைக் கம்பளிக்குள் நுழைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். ஆனி பிறந்து சில நாட்களில் போய்ச் சேர்ந்தாள். அவள் படுக்கையில் கிடந்தவற்றை எல்லாம் எரிக்க எடுத்துப் போனபோது, இதை மட்டும் நான் பரண்மேல் ஒளித்துவைத்தேன்.

அடுத்த ஆண்டு மச்சானின் மனு விசாரணைக்கு வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு தள்ளுபடியானது. மனைவி தீவில் தொடர்ந்து வசித்ததாகத் திருப்திகரமாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதுதான் காரணம் என்று மச்சான் எழுதியிருந்தார். தாயின் சாவுக்குக்கூட வராதவளைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஓராண்டுக்கு மேற்படாமல் எப்போதாவது வெளியே போய் வருவதை இடைவெளியாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு பிரிவு இருந்தது. என் வாசிப்பு சரிதானா என்று தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். "எழுதியிருக்கிறது வேற, விசாரிக்கிறவங்க வேற" என்றார். இதை நான் அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

1964இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு மார்கழியில் புயல் தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்தது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்களோடு அக்காவின் குடும்பமும் பின்னர் வந்து சேர்ந்தது. வேறு துறை, வேறு கப்பல். மூத்தவள் வளர்ந்து தாவணி போட்டிருந்தாள். வெயிலில் தோல் கொப்பளித்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தாயை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அக்கா முதல் வேலையாக, அம்மா படுத்திருந்த இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். பிறகு பெட்டியைத் திறந்து கம்பளியைக் கொடுத்தேன்.

"இத எரிக்கலியா?"

"இல்ல."

பிரித்து உதறினாள். கை தானாகவே அதை மடித்துத் தலையில் போட்டு, கூடைக் கயிறு விழும் இடத்தைச் சரிசெய்தது. சித்திரை வெயில். நெற்றியில் வேர்வை வழிய அப்படியே உட்கார்ந்திருந்தாள். "தம்பி, அன்னைக்கு அந்தாளு கேட்டப்ப உன்ன மஸ்கெலியாக்காரன்னு சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவள், முடிக்காமல் கம்பளியை என்னிடம் நீட்டினாள்.

விசாரணையில் என் வருகையைப் பற்றிக் கேட்டார்கள் என்று மச்சான் ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை, அப்படிக் கேட்கவே இல்லை என்று சாதித்தார். இப்போது மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை. கணக்கப்பிள்ளை என்ன ஆனார் என்று விசாரித்து எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கம்பளியில் மலை வாசம் போய்விட்டது. பாச்சை உருண்டை வாசம்தான் அடிக்கிறது. முத்திரையில் இருப்பது பதினேழா பதினெட்டா என்பதைப் போலவே, என் அக்கா வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தை விசாரணை மேசை வரை போயிற்றா என்பதையும் என்னால் இன்னும் உறுதி செய்ய முடியவில்லை.