நுரை அண்ணனும் ஜாடிப் பசங்களும்

ஜாடியின் வயிற்றில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "உஷ்!" என்று விரலை உயர்த்துகிறார் நுரை அண்ணன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருப்பவரும் மூச்சை அடக்குகிறார். "பேசுது சார், பேசுது! நேத்து வரைக்கும் ஊமையா கெடந்துச்சு, இன்னைக்கு என்னமா வாயாடுது பாருங்க!"

அவருடைய முடிதிருத்தகத்தில், கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பா இருக்கவேண்டிய இடத்தில், துணியால் வாய் கட்டிய ஜாடிகள் நிற்கின்றன. உள்ளே சர்க்கரை கரைத்த தேநீரும் கறுப்புத் திராட்சையும் புளித்துக்கொண்டிருக்கும். மேலே பாலாடையைவிடத் தடிமனாக ஒரு தோல் மிதக்கும். அந்தத் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அண்ணனின் 'நம்ம பசங்க'. கன்னத்தில் பூசுவதும் நுரை, குடிக்கக் கொடுப்பதும் நுரை என்பதால் வந்தது பட்டப்பெயர். அவர் மனைவியோ அந்த ஜாடிகளை "உங்க சின்ன வீடு" என்பார்.

ஆன்டிஆக்சிடென்ட் என்றால் என்னவென்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வெட்டு நின்றுவிடும். "இந்தக் கத்தரிக்கோலுக்கு ஏன் எண்ணெய் விடறேன்? துரு ஏறக்கூடாதுன்னுதானே? இது உள்ளுக்கு விடற எண்ணெய்!" குடித்தவர்களில் ஒருவர் வருஷக்கணக்கான மலச்சிக்கல் தீர்ந்ததாகச் சத்தியம் செய்தார். இன்னொருவர் பாதி வெட்டிய தலையோடு கழிப்பறைக்கு ஓடினார். அண்ணன் இரண்டையுமே வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "வேலை செய்யுதா இல்லையா, அதைச் சொல்லுங்க!"

அப்படிப்பட்டவர், போன வாரம் ஒரு காலையில் கடைக்கு வெளியே 'விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தங்கையின் கணவர் முடிவெட்டிக்கொள்ள வருகிறார். பள்ளி வேன் ஓட்டுநர். சிறுநீரகம் கெட்டு, வாரா வாரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த மனுஷன். இப்போது தங்கை கொடுத்த சிறுநீரகத்தைச் சுமந்துகொண்டு, ஆஸ்பத்திரி தவிர வேறொரு வாசற்படியை முதல்முறையாக மிதிக்கப்போகிறார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜாடிகளிலேயே நன்றாக விளைந்ததை இறக்கி, ஊதா நுரை ததும்ப ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தார்.

"வாங்க மாப்ளே! உக்காருங்க. முதல்ல இதைக் குடிங்க, அப்புறம்தான் கத்தரிக்கோல்."

மாப்பிள்ளை முகக்கவசத்தை இறக்கி மோந்து பார்த்தார். "வாசனையே ஆளைத் தூக்குதே மச்சான்!"

"அதுல என்னண்ணா இருக்கு?" என்றாள் பின்னாலேயே வந்த தங்கை.

"கோடிக்கணக்கான பசங்க! எல்லாம் உயிரோட!"

"உயிரோடவா? இருங்க, ஆஸ்பத்திரி சிஸ்டரைக் கேட்டுடலாம்." கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடவிடாதவள் அவள். போனில் நர்ஸ் கிடைத்ததும் அண்ணனே வாங்கிக்கொண்டார். பெருமையைத் தானே சொல்ல வேண்டாமா!

"நல்ல கிருமிதான் சிஸ்டர். வயித்துக்கு ரொம்ப நல்லது."

"மத்தவங்களுக்கு நல்லதாவே இருக்கட்டும்ண்ணே. இவர் உடம்பு புதுக் கிட்னியை விரட்டிடக்கூடாதுன்னு மருந்து குடுத்துக் காவல்காரனைத் தூங்க வச்சிருக்கோம். உள்ள வர்றவன் நல்லவனா கெட்டவனான்னு கேக்க ஆளில்ல. அதுலயும் வீட்ல புளிக்க வச்சதா? ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. குடிச்சிட்டாரா?"

அண்ணன் திரும்பினார். டம்ளர் மாப்பிள்ளையின் உதட்டுக்குப் போய்விட்டிருந்தது.

"மாப்ளே!"

நாற்காலியைத் தாண்டி எப்படிப் பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரே தட்டு. டம்ளர் எகிறி மூலையில் சிதறியது. கண்ணாடி நெடுக ஊதாக் கோடுகள் வழிந்தன. போனில் நர்ஸ் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நாக்குலகூடப் படல மச்சான்," என்றார் மாப்பிள்ளை, வெறுங்கையைப் பார்த்தபடி.

"வாயைத் திறங்க. நாக்கை நீட்டுங்க!" பொருத்தமான வெளிச்சத்துக்காக அவர் தாடையைப் பிடித்துத் திருப்பப்போய், தன் கை முழுக்க ஊதாவாக இருப்பதைப் பார்த்துச் சட்டென்று பின்வாங்கினார் அண்ணன்.

"அது என் கிட்னிண்ணா!" என்று தங்கை போட்ட கூச்சலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு. அந்தச் சிரிப்பு மாப்பிள்ளையைத் தொற்றியது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சிய தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்தார். தண்ணீர் அதிகம் கூடாதென்று இத்தனை வருஷம் மிடறு மிடறாக அளந்து குடித்த தொண்டை, மடக் மடக்கென்று ஏறி இறங்கியது. "இதைக் குடி குடின்னு டாக்டரே விரட்டறாரு மச்சான்! இதைவிடவா உங்க பசங்க பெருசு?"

அண்ணன் அழுக்கைத் துடைத்தெடுத்தார், ஜாடிகளைத் தூக்கிப் பின்னறையில் அடைத்தார், கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டார். பிறகு குழாயடியில் நின்று, நகக்கண் முதல் முழங்கை வரை சோப்புப் போட்டார், அலசினார், மறுபடியும் போட்டார்.

திரும்பி வந்தபோது, அறுவை சிகிச்சைக்குப் போகும் டாக்டரைப்போல ஈரக் கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, எதன்மேலும் விரல் படாமல், முதுகாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.