மலிவு டிக்கெட்டில் ஹேவ்லாக்: மல்லிகா கடலுக்குள் முங்கிய கணக்கு

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காவிரித் தண்ணீர் குடித்து ஐம்பத்தொரு வயது வரை வளர்ந்தவன் நான், எனக்கு நீச்சல் தெரியாது. திருவிடைமருதூர்ப் பக்கம் இதை வெளியே சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் மல்லிகாவிடம் சொன்னேன்.

மல்லிகா நேர் எதிர். சின்ன வயதில் ஆற்றில் முங்கி மணல் அள்ளிக்கொண்டு வந்தவள். அவளுக்கு ஒரே குறை. “ஆத்துல முங்குனா ஒரே கலங்கல், என் கையே எனக்குத் தெரியாது. கண்ணு தெரியிற தண்ணில ஒரு தடவையாச்சும் முங்கணும்ங்க.” அந்தமானில் கடலுக்கடியில் கூட்டிப்போகிறார்கள் என்று போனில் பார்த்ததிலிருந்து இதே பேச்சு.

பணம் அவளுடையது. எங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதித்ததற்கு நஷ்டஈடு வந்தது. வேண்டாம் என்று மறியலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தன். வாங்கியவர்கள், வாங்காதவர்கள் என்று ஊர் இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது. பட்டா மல்லிகா பெயரில். அவள் வாங்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாசியில் சம்பா அறுப்பு முடிந்த கையோடு கிளம்பினோம். டிக்கெட் போட்டது நான், அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு ஆளுக்கு 4,300, திரும்ப 4,500. இரண்டு பேருக்கும் சேர்த்து 17,600. செலவு அவ்வளவுதான் என்று நினைத்தேன். மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் கிடையாது என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. பெட்டியில் பாதி முறுக்கு. அதற்கு 1,800 கட்டினேன். உலகத்திலேயே விலை உயர்ந்த முறுக்கு அதுவாகத்தான் இருக்கும்.

விமானம் இரண்டேகால் மணி நேரம். அன்று இரவு போர்ட் பிளேயரில் தங்கல், அறை 1,800. மறுநாள் கப்பலில் ஹேவ்லாக் தீவு, ஆளுக்கு 1,500, இரண்டரை மணி நேரம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் மல்லிகா பேச்சை நிறுத்திவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் நான் கண்ட முதல் அமைதி.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு முங்கு கடைக்குப் போனோம். கற்றுக்கொடுப்பவர் போர்ட் பிளேயரிலேயே பிறந்த தமிழ்த் தம்பி. ஆளுக்கு 4,500. நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார். ஆனால் எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை ஓடுவதால் டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்றும் சொன்னார். எனக்கு ரொம்ப வருத்தம், நம்புங்கள்.

அடுத்து அவர் கேட்டது: “அக்கா, ஊருக்கு எப்ப பிளைட்டு?”

“நாளைக்குக் காலைல ஏழரைக்கு” என்றேன் நான், பெருமையாக.

“அப்ப முடியாதுண்ணே. முங்கி எழுந்தா எங்க கடைல இருபத்து நாலு மணி நேரம் கழிச்சுத்தான் பிளைட் ஏறணும். உள்ள இருக்கையில ரத்தத்துல காத்து கரைஞ்சிருக்கும். உடனே மேல பறந்தா, கோலி சோடாவ உடைச்ச மாதிரி பொங்கும். மூட்டு வலிலேருந்து பக்கவாதம் வரைக்கும் வரலாம்.”

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

முங்கினால் திரும்பும் டிக்கெட் 9,000 போச்சு, மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. புது டிக்கெட் போனில் பார்த்தால் ஆளுக்கு 6,900. ஒரு இரவு அறை வேறு. “தம்பி, பிளைட்டு நாளன்னிக்குன்னு எழுதிக்கங்களேன்” என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் காற்று உருளையை ஓரமாக வைத்துவிட்டார்.

“அடுத்த வருஷம் வரலாம் மல்லிகா. பதினஞ்சாயிரத்துக்கு மேல தண்டம்.”

“அடுத்த வருஷம் வயல்ல இன்னொரு குழாயா பதிக்கப் போறாங்க?” என்றாள். பிறகு அந்தத் தம்பியிடம், “சோடா தானா அடங்க ஒரு நாளுதானே? ஒரு நாள் இருக்கோம். நீங்க டிரெஸ்ஸக் கொடுங்க” என்றாள்.

இன்னொரு தடங்கலும் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றில் முங்கியவள், தலை நனைந்ததும் தன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை அப்படி. “அக்கா, இன்னொரு தடவ புடிச்சா ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மூச்சப் புடிச்சிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும்” என்றார். நான் கரையில் நின்று, “வீட்ல என்னைத் திட்டுற மாதிரி நிறுத்தாம விடு” என்றேன். மூன்றாவது தடவை குமிழி வரிசையாக வந்தது. உள்ளே போனார்கள். அரை மணி நேரம் குமிழியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மூச்சைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மேலே வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “என் கை தெரிஞ்சுச்சு. நகத்துல இருந்த மஞ்சக்கறை வரைக்கும்” என்றாள். மீனைப் பற்றிச் சொன்னது ராத்திரிச் சாப்பாட்டில்தான், அதுவும் என் தட்டில் மீன் இருந்தபோது.

போகிறவர்களுக்கு: டிக்கெட் 17,600 என்று கிளம்பினோம், ரயில், கப்பல், அறை, சாப்பாடு, முங்கல், புது டிக்கெட், முறுக்கு எல்லாம் சேர்த்து 58,500 ஆனது. முங்கும் நாளை முதலில் குறியுங்கள், அதற்குப் பிறகு ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள், கடைசியில் டிக்கெட் பாருங்கள். அந்த ஒரு நாளை நான் விட்டிருந்தால் 43,000க்குள் முடிந்திருக்கும். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் மல்லிகா, “அப்பவும் நான் முங்கியிருப்பேன், இப்பவும் முங்கிட்டேன்” என்கிறாள். அவளுக்கு இரண்டும் ஒரே கணக்கு.

கடலுக்கடியில் எடுத்த வீடியோவைக் கடையிலேயே என் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள், காசில்லை. ஊருக்கு வந்ததும் மச்சான் வீட்டு டிவியில் போட்டோம், தெருவே வந்திருந்தது. கறுப்பு உடுப்பும் முகமூடியுமாகப் பவளப் பாறை மேல் மிதந்து போனதைப் பார்த்து மச்சான், “எங்க வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் படகில் ஏறி முகமூடியைக் கழற்றும் இடம் வந்தது. அடர்த்தியான மீசை. மச்சான் டிவியை அணைத்துவிட்டு எல்லோருக்கும் காபி போடச் சொன்னார்.