கோமு குடித்த பால்

எருமையின் கடைசிக் கறவைக்கு, மடி வற்றுகிற நேரம் வருகிற பாலுக்கு, ஒரு வாசம் உண்டு. வெதுவெதுப்பாக, கொஞ்சம் வைக்கோலும் கொஞ்சம் வெண்ணெயும் கலந்த மாதிரி... நுரை கையில் பட்டால் கழுவின பிறகும் பிசுபிசு என்று இருக்கும். கறந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குரூப்பில் எல்லோரும் பழைய கதை போடுகிறீர்கள். சிரிப்பு வருகிற கதை என்னிடமும் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

அப்போது தச்சநல்லூரில் இருந்தோம். மூன்று எருமை. விடியுமுன் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டி, ஜங்ஷன் பக்கத்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுவேன்.

மூத்த மகள் கோமதி. கோமு என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஒன்றேகால் வயதில் என் வீட்டுக்காரி இசக்கியம்மாள் மறுபடி உண்டானாள். வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் பூசி, பிள்ளைக்குப் பால்குடியை மறக்கடித்தாள். மூன்று நாள் கோமு அழுத அழுகை... கேட்கச் சகிக்காது.

நாலாம் நாள் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஊருக்குப் போகிற பாலில் தண்ணீர் சேரும். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, சேர்த்தோம். ஆனால் கடைசிக் கறவை கேனுக்குப் போகாது. கெட்டிப் பால். அது கோமுவுக்கு.

ஒரு நாளைக்கு நாலு உழக்கு, லிட்டருக்கு மேலேயே வரும். அழுதால் பால், விழுந்தால் பால். நான் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டாலே தம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பருப்பு, கீரை, முட்டை எதுவும் இறங்காது.

இசக்கி ஒருநாள் சொன்னாள். சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை அவள்.

"பிள்ளைக்குப் பசியே இல்லாமப் போச்சு. காலையில ஒரு தம்ளர், சாயந்தரம் ஒரு தம்ளர் போதும்ங்க. மத்தியானம் சோத்துல ரெண்டு கரண்டி தயிர விட்டுப் பிசைஞ்சு கொடுக்கேன். பசிச்சாத் தின்னுருவா."

எனக்குச் சுருக்கென்று வந்தது.

"ஊருக்கெல்லாம் பால் ஊத்துதவன் மவளுக்குப் பாலைக் குறைக்கணுமோ? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவானுவொ."

அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள்.

ஒருநாள் கோமுவை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்கார அண்ணாச்சி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வே, எங்களுக்குத் தண்ணிய ஊத்திட்டு பாலையெல்லாம் மவளுக்குக் கொடுத்திருதீரோ? பிள்ள வெள்ளவெளேர்னு இருக்கால்லா" என்றார். கடையே சிரித்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

நானும் கறுப்பு, இசக்கியும் கறுப்பு. எங்களுக்குப் பிறந்தவள் எப்படி இப்படி வெளுத்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் சுவரைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். அடுப்புச் சாம்பலை நக்குவாள். கையில் அடித்தேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, நிறையத் தடவை.

ரெண்டு வயது முடிந்த சமயம் வாசல்படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போது மகன் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா கோமுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன்... நாளைக்கு நாலு உழக்கு, தண்ணீர் படாத பால் என்று.

"சோறு?" என்றார்.

நான் இசக்கியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு ரெண்டு தம்ளர் பால் தாராளம், அதற்கு மேல் ஊற்றினால் வயிறு அதிலேயே நிறைந்துபோகும், பாலில் ரத்தம் ஊறுகிற சத்து இல்லை, அது பருப்பு, கீரை, முட்டையில்தான் வரும், அது குறைந்தால்தான் பிள்ளை சுவரையும் சாம்பலையும் தேடும் என்று பையச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் கோமு போய்விட்டாள்.

அடக்கம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால் எருமைகள் மடி கனத்துக் கத்துகின்றன. உட்கார்ந்து கறந்தேன். கடைசிக் கறவை வந்தபோது, இது யாருக்கு என்று தெரியாமல் செம்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். இசக்கி கைப்பிள்ளையோடு நின்று பார்த்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை... இல்லை. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் என்னோடு இருந்தாள். சாகிறவரை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

இப்போது அந்த மகனுடைய மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. பாக்கெட் பால்தான். காலையில் ஒரு தம்ளர், சாயந்தரம் ஒரு தம்ளர். மத்தியானம் தயிர்ச்சோறு. இன்னும் பால் கேட்டு அழுதால் பருப்புச்சோற்றைப் பிசைந்து முன்னால் வைக்கிறாள். கொழுகொழு என்று இல்லை பிள்ளை. ஆனால் உதடு செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறான். பார்த்துக்கொண்டே இருப்பேன்... சந்தோஷமாகவும் இருக்கிறது, தாங்கவும் முடியவில்லை.

நேற்று பேத்தி தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "தாத்தா, அந்தக் காலத்துல பிள்ளைங்களுக்கு எவ்வளவு பால் கொடுப்பீங்க?"

"அப்போ அளவெல்லாம் யாரு பாத்தா தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அளவு பார்த்தவள் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள்.