முழு அணியும் போகக்கூடிய லீக்

நான் ஓட்டுவது வாடகைக்குப் போகும் பெரிய பஸ். ரொறன்ரோவில் உள்ள ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கரப்பந்தாட்ட (வொலிபோல்) அணியை வெளியூர் ஆட்டங்களுக்குக் கொண்டுபோவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் கொம்பனியில் பெண் சாரதிகள் இரண்டே பேர் என்பதால் அந்த அணி எனக்கு வந்தது. பிறகு அவர்களே என்னைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

அப்போது அவர்கள் விளையாடியது அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் லீக் ஒன்றில். ஒன்ராறியோவின் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோத ஆட்பலம் போதாது என்று எப்போதோ எடுத்த முடிவாம். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், வெள்ளி காலையில், அமெரிக்க எல்லையைக் கடக்க நயாகராப் பாலத்தில் வரிசையில் நிற்போம்.

மூன்றாவது வருடம் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அணியில் சேர்ந்தாள். மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பது அவளுடைய இடம். புறப்படும் காலையில் வந்து பந்துப் பைகளைப் பஸ்ஸின் அடியில் ஏற்றுவாள். கதவு மூடியதும் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். ஏதோ காயம் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கேட்டுவிட்டேன்.

"ஏன் பிள்ளை, நீர் வரேல்லையோ?"

"இல்லை அன்ரி. எங்கட அகதி கேஸ் ஓகே ஆயிட்டுது. ஆனா அமெரிக்க விசாவுக்கு இன்ரர்வியூ டேற்றே கிடைக்கேல்லை. நான் ஹோம் கேம்ஸ் மட்டும்தான்."

"உது எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியேல்லை அன்ரி. பந்தெல்லாம் எண்ணிப் பாத்திட்டன், சரியா இருக்கு."

அன்று பாலத்து வரிசையில் நின்றபோது கண்ணாடியில் பார்த்துப் பிள்ளைகளை எண்ணினேன்.

அந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகம் வேறு லீக் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். விளையாட்டுத் துறைப் பணிப்பாளர் ஒரு பயணம் எங்களோடு வந்தார். முன்னாள் கூடைப்பந்தாட்டக்காரர், கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன் இருக்கையில் முடங்கியிருந்தார். எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம், பனி கொட்டினால் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நானும் ஒன்று கேட்டேன்.

"உங்கள் அணியில் பன்னிரண்டு பேர். இந்தப் பஸ்ஸில் பதினொரு பேர். அதை எழுதினீர்களா?"

அவர் பேனையை மூடினார். "ஒரு மாதத்தில் சரிவந்துவிடும் என்று நினைத்திருந்தேன்" என்றார். பிறகு, "எந்த லீக் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

போனேன். சாரதிச் சீருடையோடுதான் போனேன். அது என் வேலை உடுப்பு, அதில் என்ன வெட்கம். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இருக்கிற லீக்கிலேயே இருப்பதா, பெரிய பல்கலைக்கழகங்களின் லீக்கை மறுபடி கேட்டுப் பார்ப்பதா, ஒன்ராறியோக் கல்லூரிகளின் லீக்கில் சேர்வதா என்பதுதான் பேச்சு. என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். "எந்த வீதி என்றாலும் நான் ஓட்டுவேன்" என்று என் மன்னார் ஆங்கிலத்தில் தொடங்கினேன். "ஆனால் வாசலில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் லீக் உங்களுக்குச் சரியான லீக் இல்லை."

பிறகு கோட் போட்ட ஒருவர், கல்லூரிகளின் லீக் எங்கள் தரத்துக்குக் கீழானதல்லவா என்றார். அணியின் பயிற்றுநர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "போன இலையுதிர் காலம் அவர்களில் இரண்டு அணிகளோடு பயிற்சி ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் தோற்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோட்காரரும்தான்.

கல்லூரிகளின் லீக்குக்கே விண்ணப்பித்தார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்து மண்டபத்தை அளந்து பார்த்தார்கள், மாணவிகளோடு கதைத்தார்கள், வசந்தத்தில் ஓமென்றார்கள். அடுத்த பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டம், எல்லை தாண்டத் தேவையில்லாத கிங்ஸ்ரனில். வழக்கமாக நான் பஸ்ஸிலேயே இருந்து சாப்பிடுவேன். அன்று உள்ளே போய் உட்கார்ந்தேன். அறிவிப்பாளர் அந்தத் தமிழ்ப் பிள்ளையின் நீண்ட பெயரை மூன்றாக உடைத்து, மூச்சு வாங்கி, ஒருவழியாக வாசித்து முடித்தார். எங்கள் பிள்ளைகள் எழும்பி நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ஐந்து செற் வரை இழுத்து, கடைசிச் செற்றைத் தோற்றார்கள். அவள் உயர்த்திக் கொடுத்த பந்துகள், யாரோ அளந்து வைத்ததுபோல, அடிக்கிறவளின் கைக்கு நேராகப் போய் நின்றன.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தபோது, வேலை முடிந்த கையோடு அவளுடைய அம்மா பல்கலைக்கழக வாசலில் வந்து காத்திருந்தார்.

"எப்பிடி விளையாடினவள், அக்கா?"

"தோத்துத்தான் வாறம். ஆனா உங்கட பிள்ளை இல்லாட்டி அஞ்சு செற் போயிருக்காது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் ஆட்ட அட்டவணை லீக்குக்குப் போகுமுன் பணிப்பாளர் அதை எனக்கு அனுப்புகிறார். போன வருடம் இரண்டு இடங்களில் பயண நேரத்தைத் திருத்தினேன். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.