டீசல் டேங்க் மூடியில் ஒட்டிய அம்மன்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன். பிறகு, சாமி காரியமாயிற்றே, ஒரு பெரிய மனுஷியின் மனம் நோகுமே என்று விட்டுவிடுவேன். வருஷங்கள் இப்படியே போய்விட்டன. அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், நான் யார் மகள் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கதை சொன்னார். "டீசல் திருடுன டிரைவருய்யா. பொய்ச் சத்தியம் பண்ணினான். அம்மன் சும்மா விடுவாளா? கையைப் பொசுக்கிட்டா!" நான் பாதிப் பந்தியில் எழுந்து கை கழுவிவிட்டேன். அந்த டிரைவர் என் அப்பா. நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

அப்பா வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லாரி ஓட்டினார். பழைய லாரிதான், ஆனால் இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆடி மாதம் சீசன் லோடு தொடங்கும் அன்று வண்டிக்குப் பூஜை போடுவார்கள். அந்த வருஷம் பூஜைக்கு முதலாளி வீட்டு அக்காவும் வந்தார். முதலாளிக்கு மட்டுமல்ல, லோடு ஏற்றுகிறவர்களுக்கும் அவர் அக்காதான். அவருடைய வீட்டுக்காரர் முன்பு ஒரு தீபாவளி சீசனில் பட்டாசு ஏற்றிக்கொண்டிருந்த லாரியிலேயே தீயில் போனவர். அக்கா திருத்தங்கல் பிரஸ்ஸில் சொல்லி, அம்மன் படத்தை வட்டமாக, பளபளவென்று ஸ்டிக்கர் அடித்து வாங்கி வந்திருந்தார். அதைத் தன் கையாலேயே டீசல் டேங்க் மூடியில் ஒட்டி, ஓரமெல்லாம் அழுத்தித் தடவினார். "எரியிறது அங்கனதான இருக்கு. தாயும் அங்கனயே உக்காரட்டும்" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். அப்பாவும் கும்பிட்டார்.

அன்றிலிருந்து வண்டிக்குச் சீக்கு வந்தது. சிவகாசியிலிருந்து ஒழுங்காகப் போகும். விருதுநகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஏறாது, புகைகூட வராது. பாலத்து ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்களாம். ஓரங்கட்டி, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் டீசல் இருக்கும். மூடிவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார். குழாயெல்லாம் கழற்றி ஊதினார், உள்ளே சிக்கிய ஏரை எடுத்தார். "டீசல் அழுத்தம் பத்தலண்ணே, பம்பு வீக்கு" என்று சொல்லிப் புதுப் பம்பு போட்டார். புதுப் பம்பும் அப்படியே. பட்டறையில் நிறுத்தி முறுக்கினால் மட்டும் சிங்கம் மாதிரி உறுமும். அப்பாவுக்கு ராத்திரிச் சோறு குறைந்துபோனது. "எனக்கே எம்மேல சந்தேகமா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

முதலாளியின் தம்பிக்கு அந்தச் சந்தேகம் முன்பே வந்துவிட்டது. அவரைச் சின்ன முதலாளி என்போம். மதுரையில் ஒரு கடைக்கு லோடு தாமதமாகப் போய் ஆர்டர் கைவிட்டுப் போனதும் வெடித்துவிட்டார். அப்பா வழியில் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறாராம், அதனால்தான் வண்டி இழுக்கவில்லையாம்.

அன்று நான் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போயிருந்தேன். கம்பெனிக்குள் தீப்பெட்டிக்கு அனுமதி கிடையாது. அதனால் கேட்டுக்கு வெளியே, ரோட்டோர அம்மன் கோயில் முன்னால் அப்பாவை நிறுத்தியிருந்தார்கள். வேலையாட்கள் வட்டமாக நின்றார்கள்.

"ஏலே, மடியில கனமில்லேன்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார் சின்ன முதலாளி.

"பண்ணுறேன் மொதலாளி. எனக்கென்ன பயம்?"

சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். ஒரு வில்லையைக் கொளுத்தி வைப்பார்கள், உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைப்பார்கள். சூடு தெரியாது. அந்த மனுஷன் ஒரு வில்லையா வைத்தார்? பொட்டலத்தையே பிரித்துக் கொட்டிக் கொளுத்தினார்! தீ முழங்கால் உயரம் எழுந்தது. கூட்டத்தில் ஒருவராவது "இது என்ன நியாயம்" என்று கேட்கவில்லை. அப்பா அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒரு சொட்டு டீசல் நான் எடுக்கல தாயே" என்று சொல்லி அடித்தார். ஒரே அடியில் அணையவில்லை. மறுபடி மறுபடி அடித்தார். தோல் உரிந்து கை வெந்துவிட்டது.

"பாத்தீகளா? பொய்யி. கை வெந்துபோச்சு" என்றார் சின்ன முதலாளி. கூட்டமும் தலையாட்டியது. தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுத் தீர்ப்பைத் தானே சொல்லிக்கொண்டார். அக்கிரமம்!

வேறு டிரைவர் கிடைக்காததால் அப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பேப்பர் ரீல் ஏற்றி வரச் சொன்னார்கள். கட்டுப்போட்ட கையோடு தனியே போகவேண்டாம் என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள், என்னையும் கூட்டிக்கொண்டாள். திரும்பும்போது திருமங்கலம் தாண்டி வண்டி நொண்டி நொண்டி, இன்ஜினே அணைந்து நின்றுவிட்டது. எப்போதும் இன்ஜின் ஓட ஓடத்தான் அப்பா மூடியைத் திறப்பார். அன்று சத்தமே இல்லை. அவரால் கையை மடக்க முடியாததால் அம்மா திருகினாள். மூடி அசையவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். திறந்ததும் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்.

"ஏங்க, உள்ள காத்தை இழுக்குதுங்க!" என்று அம்மா பயந்துபோனாள்.

அப்பா மூடியை வாங்கி உட்பக்கம் பார்த்தார். ஊசித் துளை ஒன்று இருந்தது. வெளிப்பக்கம் திருப்பினார். துளைக்கு மேலே அம்மன். அப்பா ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும்ல தாயி. வழிய அடைச்சாச்சு. பெறகு பம்பு எதைப் புடிச்சு இழுக்கும்? நம்ம தொறக்கும்போதெல்லாம் காத்து போயிருக்கு, வண்டி ஓடியிருக்கு" என்று எனக்குச் சொன்னார். அம்மா அழுதாள். அப்பா சிரித்தார். மூடியை லேசாகத் தளர்த்தி வைத்தார். வண்டி வீடு வரை பறந்தது.

அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்கு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். வழியெல்லாம், எப்படிச் சொல்வது என்று என்னிடமே சொல்லிப் பார்த்தார். அக்காதான் வெளியே வந்தார். அப்பாவின் கையைப் பார்த்துப் பதறி, உள்ளே ஓடித் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து, கட்டைப் பிரித்து, தன் கையாலேயே தடவிவிட்டார்.

"தம்பி, அவுக போனதுலருந்து ஒவ்வொரு வண்டி கெளம்பும்போதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். அம்மனை ஒட்டின பெறகுதான் தூக்கமே வருது. வண்டி நின்னா நிக்கட்டும், வெடிக்கலல்ல? அவளாலதான் நீங்க புள்ளைகுட்டியோட இருக்கீக" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நான் அவர் சட்டையை இழுத்தேன். "அக்கா, மூடியில டீசல் கை பட்டுக்கிட்டே இருக்கு. அம்மனைக் கண்ணாடிக்கு மேல வச்சா நான் பாத்துக்கிட்டே ஓட்டுவேன்" என்றார். அவ்வளவுதான். அக்கா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். மறுநாளே மாற்றி ஒட்டியாகிவிட்டது.

பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. சின்ன முதலாளி பஜார் முழுக்கச் சொன்னார்: "சூடத்துல கை வெந்ததும் திருந்திட்டாம்ல!" நன்றாக ஓடிய லாரியே அப்பா திருடர் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அப்பா அந்தத் தீபாவளி வரை ஓட்டிவிட்டு நின்றுகொண்டார்.

அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று நான் அப்பாவின் கையைப் பிடிக்காமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து, "நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி" என்றேன். அந்த வாசலில் அவர் வாயை அடைத்தது பயம் என்றே நான் நினைத்தேன். ஒருத்தி இத்தனை வருஷம் கழித்துத் தூங்க ஆரம்பித்திருக்கிறாள் என்பது எத்தனை பெரிய காரணம் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

படிப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். அக்காவைக் கேலி செய்து சொல்லாதீர்கள், அம்மன் அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். அப்பாவின் கையைச் சுட்டது ஒரு மனுஷன் கொட்டிய சூடம். அதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.