பட்டியலில் ஒரு பெயர்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் எனக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவியவர் அவர். மெலிந்த மனிதர். சுடுதண்ணீரில் ஊறி அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்னமே கைபேசியைத் திறந்து, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டங்களின் முடிவுகளை ஒவ்வொரு வரியாக வாசிப்பார்.

"அண்ணை, இந்த விளையாட்டு உங்களுக்கு விளங்குமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டும் விளங்காது. மகன் அங்கை படிச்சுக்கொண்டு விளையாடுறான். என்னோட கதைக்கிறதை விட்டு நாலு வருசம். இந்தப் பட்டியலிலை அவன்ரை பேர் இருந்தால், ஆள் சுகமாய் இருக்கிறான் எண்டு நினைச்சுச் சாப்பிடுவன்."

இந்த வருடம் புதுப் பருவம் தொடங்கி மூன்று கிழமையாகியும் அந்தப் பெயர் வரவில்லை. "படிப்பு முடிஞ்சிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, தொழில்முறை அணிகளின் பட்டியல்களையும் தேடத் தொடங்கினார். அவை முடிகிற பட்டியல்களாக இல்லை. பல நாள் பெட்டியைத் திறக்காமலே வேலைக்கு எழும்பினார்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போதும் மதியத்தில் அந்தப் பட்டியல்களைத் திறந்து பார்க்கிறேன். மகனின் பெயர் என்னவென்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.